வால் மட்டும் தெரிந்த படம்

அழகர்மலை அடிவாரத்திலோ நாகமலைச் சரிவிலோ ஏதோ ஓர் ஊரில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் காணாமல் போகின்றன. தோட்டத்து மோட்டார் அறையில் மாட்டியிருக்கும் சிசிடிவியில், நள்ளிரவு தாண்டி, ஏதோ ஒன்று வரப்பைக் கடந்து போகிறது. நான்கு கால், நீண்ட உடம்பு, வெளிறிய இரண்டு கண்கள். விடிவதற்குள் அந்தச் சில நொடிக் காணொளி வாட்ஸ்அப் வழியாக மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. டீக்கடை திறக்கும்போதே அதற்குப் பெயர் வைத்தாகிவிடும்: சிறுத்தை. பிறகு வனத்துறையினர் வருவார்கள். கால்தடம் தேடுவார்கள். ஒன்றிரண்டு கேமராக்களை மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். நாலைந்து நாளில் அந்தக் கேமராவில் ஒரு காட்டுப்பூனை விழும். இல்லையென்றால் ஒரு நாய். சிறுத்தை இல்லை, மக்கள் அச்சப்பட வேண்டாம் என்று அறிவிப்பு வரும். ஊர் பெருமூச்சு விட்டுத் தன் வேலைக்குத் திரும்பும்.

சிறுத்தை இல்லை என்பது செய்தியாகிறது. காட்டுப்பூனை இருக்கிறது என்பது யாருக்கும் செய்தியாகத் தோன்றுவதில்லை. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் படுகிறது. நெல்லும் கரும்பும் சீமைக்கருவேலமும் கல்குவாரியும் நான்குவழிச் சாலையுமாக இருக்கும் இந்த மதுரைச் சமவெளியில், நம் வீட்டுக்கொல்லைக்கும் கண்மாய்க்கும் நடுவில், பெயர் தெரியாமலே சில உயிர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துக் கிடக்கின்றன. அவை நம் கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படிக் கலங்கிப்போன ஒரு படத்தில்தான்.

நண்பர்கள் சிலரும் நானும் சேர்ந்து, நில உரிமையாளர்களின் சம்மதத்தோடு, தோட்டங்களிலும் பட்டா நிலத்து ஓடைக்கரைகளிலும் டிராப் கேமரா கட்டிவைத்துப் பார்த்து வருகிறோம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் கேமரா கட்டக்கூடாது; கட்டுவதும் இல்லை. எங்கள் ஆர்வமெல்லாம் காட்டுக்கு வெளியே இருக்கும் விலங்குகள்மீதுதான்.

டிராப் கேமரா பார்த்துப் படம் எடுக்கிற கருவி அல்ல. அதன் முகப்பில் இருக்கும் உணரிக்கு வெப்பம் மட்டும்தான் தெரியும். சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று முன்னால் நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும். குளிர்ந்த மலைக்காட்டில் இது நன்றாக வேலை செய்கிறது. மதுரையில் அப்படியில்லை. சித்திரை, வைகாசியில் நாளெல்லாம் வெயில் குடித்த பாறை இருட்டி வெகுநேரமாகியும் சூடாகவே இருக்கும். பாறைச் சூட்டுக்கும் பூனையின் உடல் சூட்டுக்கும் இடையில் வேறுபாடு குறைந்துவிட்டால், எதிரிலேயே பூனை நடந்து போனாலும் உணரி அசைவதில்லை. அல்லது தாமதமாக விழிக்கிறது. தலையும் உடம்பும் கடந்துபோன பிறகு மிச்சமிருக்கும் வாலைப் பிடிக்கிறது. பகலில் இதற்கு நேர்மாறு. சூடேறிய கோரையும் கருவேலங்கிளையும் காற்றில் ஆடினால் போதும், நினைவக அட்டை நிறைய வெறும் புல் படங்கள்.

1920களில் ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் காட்டுப்பாதையில் கம்பி கட்டி, புலி தன் காலாலேயே இடறித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளச் செய்தார். 1927இல் வந்த அவருடைய நூலில் இருக்கும் புலிகளுக்கு மீசைமுடிகூடத் தெளிவாக இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து நாங்கள் எடுக்கும் படங்கள் அதைவிட மங்கலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர் பயன்படுத்திய பளீரென்ற வெடிவெளிச்சம் ஓடுகிற காலையும் உறைய வைத்துவிடும். இன்றைய கேமராக்கள் விலங்கும் மனிதரும் மிரளாதபடி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அந்த ஒளி வலுவில்லாதது. அதை ஈடுகட்ட ஷட்டர் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் விலங்கு ஓரடி நகர்ந்துவிடுகிறது. கால்கள் கரைந்துவிடுகின்றன. பழுப்பு, செம்மை, சாம்பல் என்ற நிற வேறுபாடெல்லாம் போய் வெளுப்பும் கறுப்பும் மட்டும் நிற்கின்றன. கேமராவுக்கு மிக அருகில் வந்துவிட்டால் உடம்பே சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுகிறது.

கண்ணொளி விஷயத்திலும் இதே கதைதான். தேவாங்கைக் கணக்கெடுப்பவர்கள் இரவில் நெற்றிவிளக்கோடு நடந்து, கிளைகளுக்கிடையில் செம்மையாக மினுங்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்தே அடையாளம் சொல்கிறார்கள். திண்டுக்கல், கரூர் மாவட்ட வறண்ட காடுகளில் இப்படிப் பலர் நடந்து சேர்த்த தகவல்களும் ஒரு காரணமாகித்தான் 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. மனிதக் கண்ணுக்குக் கிடைக்கும் அந்த நிறம் அகச்சிவப்புக் கேமராவுக்குக் கிடையாது. அதில் நாயின் கண்ணும் மரநாயின் கண்ணும் சிறுத்தையின் கண்ணும் ஒரே வெள்ளைப் புள்ளிகள்தான். ‘கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஒரு படத்தை மட்டும் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு தோட்டம், வேலியோரக் கருவேல மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிய கேமரா. படத்தின் இடது ஓரத்தில் ஓர் உருவம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. தலை இல்லை. தோளுக்குப் பின்னால் இருக்கும் பாதி உடம்பு, ஒரு பின்னங்கால், வால். மற்றப் பின்னங்கால் வெறும் புகை. இதை முதலில் பார்த்த தோட்டக்காரர் சிறுத்தைக்குட்டி என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. முழங்கால் உயரத்திலிருந்து மேல்நோக்கி எடுத்த படத்தில், பின்னணியில் வானமும் கரையும் மட்டும் இருக்கும்போது, எந்த உடம்பும் பெரிதாகத்தான் தெரியும். அளவு சொல்ல அங்கே ஒரு வாளிகூட இல்லை.

கேமராவை அசைக்காமல் விட்டு, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பு ஒன்றைப் பகலில் எடுத்துப்போய், அந்த உருவம் நின்ற அதே இடத்தில் நட்டுப் படம் எடுத்தோம். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது தோள் உயரம் ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. வளர்ந்த சிறுத்தை மூன்று சாண் நிற்கும். சிறுத்தைக்குட்டியாக இருந்தால்? அங்கேதான் வால் சாட்சிக்கு வந்தது. சிறுத்தைக்கு உடம்பு நீளத்துக்கு நெருங்கிய வால். குட்டியாக இருக்கும்போதே அது நீளம்தான். இந்த உருவத்தின் வால் பின்னங்காலின் முட்டியைத் தொட்டதோடு நின்றுவிட்டது. நுனியில் கறுப்பு, அதற்கு மேலே இரண்டு வளையங்களின் நிழல். வீட்டுப்பூனைக்கு வால் இதைவிட நீளம், கால் இதைவிடக் குட்டை. உடம்பில் புள்ளி இல்லை. வெளிறிய ஒரே பரப்பு. சிறுத்தையின் கொத்துப்புள்ளிகள் அகச்சிவப்பிலும் மறைவதில்லை. காட்டுப்பூனை என்று எழுதினோம். பக்கத்திலேயே, இந்த முடிவு வாலையும் உயரத்தையும் வைத்து எடுத்தது, தலை தெரியவில்லை என்றும் எழுதினோம். அந்தக் குறிப்பு இல்லாத பெயர் அரைப்பெயர்தான் என்பது என் கருத்து.

இப்படி உறுப்பு உறுப்பாகப் பார்க்கப் பழகிய பிறகு ‘மர்ம விலங்கு’ என்று செய்தித்தாள்கள் எழுதும் உருவங்களில் பலவற்றின் முகம் தெரியத் தொடங்குகிறது. வரி வரியாகப் புள்ளி ஓடி, வால் முழுக்க வளையம் போட்டிருந்தால் புனுகுப்பூனை. உடம்பு கறுத்து, வளையமில்லாத நீண்ட வாலோடு ஓட்டு வீட்டுக் கூரைமேல் நடந்தால் மரநாய். வாலின் கறுப்பு நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் செங்கீரி. அது குன்றோரங்களில் பட்டப்பகலிலேயே விழும். ஆனால் எங்கள் கைக்கு வந்த ‘மர்ம விலங்கு’ படங்களில் அதிகம் ஏமாற்றியது சொறி பிடித்த தெருநாய். முடி முழுக்க உதிர்ந்து, தோல் தடித்து, காது மட்டும் பெரிதாக நிற்கும் அந்தப் பிராணியைப் பார்த்தவர்கள் கழுதைப்புலி என்கிறார்கள், ஓநாய் என்கிறார்கள். படத்தில் இருப்பது நோயும் பட்டினியும்.

படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாத சிலவற்றை ஒரு கீதாரியிடம் கற்றுக்கொண்டேன். அறுவடை முடிந்ததும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தையோடு வந்து, மதுரைப் பக்கத்து வயல்களில் கிடை போடுகிறவர்களில் மூத்தவர் ஒருவர். இரவு முழுக்கக் கிடைக்குக் காவலிருந்தே வயதானவர். தலையில்லாத அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

“ஐயா, இது என்னான்னு தெரியுதுங்களா?”

கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகவும் பிறகு தள்ளியும் வைத்துப் பார்த்தார். “தல எங்க தம்பி?”

“தல விழலங்கய்யா.”

“அப்புறம் எதவச்சுச் சொல்றது?” திருப்பிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “அந்தத் தோட்டத்துல என்ன போச்சு? குட்டியா?”

“கோழிங்கய்யா. ரெண்டு போயிருக்கு.”

“றெக்க கெடந்துச்சா? ஒரே எடத்துலயா, வழிநெடுகவா?”

“வேலி ஓரத்துல ஒரே எடத்துல குமிஞ்சு கெடந்துச்சு.”

“பூனன்னா மறப்புக்குக் கொண்டுபோயி ஒக்காந்து புடுங்கும். நரி நிக்காது, கவ்விக்கிட்டுப் போயிக்கிட்டே இருக்கும். ஆடு செத்துக் கெடந்தாலும் அதத்தான் பாக்கணும் தம்பி. தொண்டையில பல்லு எறங்கியிருந்தா ஒண்ணு. பின்னத்தொடையப் பிச்சுப் போட்டிருந்தா நாய்க்கூட்டம். வெறும் போட்டாவ வச்சுக்கிட்டு என்னத்தச் சொல்லுவீங்க?”

அவர் கடைசிவரை அந்தப் படத்துக்குப் பெயர் சொல்லவில்லை. இரவில் ஆட்டைப் பறிகொடுத்தால் நஷ்டம் அவருக்குத்தான். எந்த விலங்கு என்று தவறாக முடிவு செய்தால் மறுநாள் காவலும் தவறாகப் போய்விடும். நரிக்குப் போடும் வேலி நாய்க்கூட்டத்தைத் தடுக்காது. சமவெளியில் ஆடுகளைக் கொல்வது இன்று பெருமளவுக்கு நாய்கள்தான். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தெருநாய்கள் கடித்துக் கொன்ற ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் வீதிக்கு வந்து போராடியதை நாமெல்லாரும் பார்த்தோம். நாய் கடித்த ஆட்டுக்குச் சிறுத்தையின் பெயரைச் சொன்னால் இழப்பீடும் நியாயமாகக் கிடைக்காது, அந்த நாய்க்கூட்டத்துக்கும் ஒரு வழி பிறக்காது. கண்ணி வைத்து, கம்பும் கையுமாகக் கருவேலங்காட்டைச் சல்லடை போட்டால் சிக்குவது ஒரு பாவமும் அறியாத காட்டுப்பூனைதான்.

அதற்காக, ஊரார் சொல்வதெல்லாம் பீதி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2024 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு மயிலாடுதுறை நகரத்துக்குள் ஒரு சிறுத்தை நடந்தது. மலையும் காடும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத காவிரிச் சமவெளி. அங்கே சிறுத்தை என்றால் யார் நம்புவார்கள்? தெருவில் இருந்த சிசிடிவியில் அது தெளிவாக விழுந்திருந்ததால்தான் நம்பினார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கூண்டுகள் வைத்தார்கள், தானியங்கிக் கேமராக்களை ஆற்றோரங்களில் கட்டினார்கள். சில நாள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறையில் இன்னொரு சிசிடிவியில் சிறுத்தை தெரிந்தது. ஆற்றுப்படுகையும் ஓடைகளும் முந்திரித்தோப்புகளுமாக, ஊர்களுக்கு நடுவிலேயே அவ்வளவு தொலைவு வந்திருக்க வேண்டும். அந்த முதல் காட்சி மங்கலாக இருந்திருந்தால், ‘இந்த ஊரில் சிறுத்தையா, அது நாயாக இருக்கும்’ என்று மூடிவைத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தவறுக்கு மனித உயிர் விலையாகியிருக்கலாம். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு விலங்கு தெரிகிறது என்பது அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. படத்தில் என்ன இருக்கிறது என்பதை ஊரின் பெயரை மறந்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

புலிக்காடுகளின் நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 1,21,337 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து 3,48,58,623 படங்கள் கிடைத்தன. அவற்றில் 76,651 புலிப்படங்கள், 51,777 சிறுத்தைப்படங்கள். கின்னஸ் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. இத்தனை படங்களை இனவாரியாகப் பிரிக்கச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உண்டு. வரிகளை ஒப்பிட்டு இந்தப் புலி முன்பு பார்த்த அதே புலிதானா என்று சொல்ல இன்னொரு மென்பொருள். நமக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாகிவிட்டது; அங்கே இருக்கும் ஒவ்வொரு புலிக்கும் இனி ஒரு கோப்பு இருக்கும். நல்லது, வேண்டியதுதான். ஆனால் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப்புறம் இறங்கிவிட்டால் விலங்குகளைத் தேடி யாரும் வருவதில்லை. சமவெளியின் கேமரா என்பது பெட்ரோல் பங்கிலும் அரிசி ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் திருடனுக்காக வைத்த கேமரா. விலங்கு அதில் தற்செயலாக விழுகிறது. புலிக்காட்டுப் படங்களைக் கொண்டு பழக்கிய மென்பொருளிடம் கண்மாய்க்கரைப் படத்தைக் கொடுத்தால், அது தான் ஏற்கெனவே அறிந்த பெயர்களுக்குள்தான் விடை தேடும். முள்ளெலியை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கேமரா கட்டுகிறவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்றும் இருக்கிறது. கண்மாய்க்கரை விலங்குக்கு மட்டும் சொந்தமான இடமல்ல. விடியலுக்கு முன்னால் பெண்கள் ஒதுங்குகிற இடம், விறகு பொறுக்குகிற இடம், ஊர் வாயிலிருந்து தப்பி இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடம். கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் த்ரிஷாந்த் சிம்லாய் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. விலங்குக்காக வைத்த கேமராக்கள் காட்டுக்குள் போகும் பெண்களைக் கண்காணிக்கப் பயன்பட்டதையும், ஒரு பெண்ணின் படம் ஆண்களிடம் கைமாறியதையும், கேமராவுக்குப் பயந்து பெண்கள் பாடுவதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டதையும் அது பதிவு செய்தது. பாடாமலும் பேசாமலும் போனால் யானையும் புலியும் விலகிப் போவதற்கு எச்சரிக்கை கிடைக்காது. அதைப் படித்தபிறகு எங்கள் கேமராக்கள் எல்லாவற்றையும் ஒற்றையடிப் பாதைகளிலிருந்து திருப்பி வைத்தோம். மனிதர் விழுந்த படத்தை, யாரென்று பார்க்காமல், அட்டையிலிருந்தே அழிக்கிறோம். அந்தக் கரையில் எந்தப் பூனை போகிறது என்று தெரிந்துகொள்ளும் என் ஆசைக்கு ஒரு பெண்ணின் நிம்மதியை விலையாகக் கேட்க எனக்கு உரிமையில்லை.

சமவெளிக்கும் மங்கலான சிறு உருவங்களுக்கும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது துரும்பன் பூனையைப் பற்றித்தான். உலகத்தின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. அறிவியலுக்கு அதை அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிடோர் ஜெஃப்ராய் செயிண்ட்-ஹிலேர், 1831இல். அவர் கையில் இருந்தது புதுச்சேரியிலிருந்து போன பூனை. நம் கடற்கரைச் சமவெளியின் பூனை. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் அதன் குட்டி ஒன்றை வளர்த்தார். சில மாதக் குட்டியாக இருந்தபோதே அதை ஒரு மான்குட்டி இருந்த அறைக்குள் விட, பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து அதன் பிடரியைக் கவ்விக்கொண்டது. பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது என்று 1867இல் வந்த தன் இந்தியப் பாலூட்டிகள் நூலில் எழுதியிருக்கிறார். அந்த வீரத்தைவிட என்னை நிறுத்தியது அதன் இருப்பிடம் பற்றிய அவருடைய குறிப்பு. வற்றிய குளங்களின் புல்லிலும், புதர்களிலும், ஊரோரத்து வடிகால்களிலும் இருக்கும் என்கிறார். பெருங்காடுகளில் இல்லை என்றே கேள்வி என்கிறார்.

வற்றிய குளத்துப் புல், புதர், வடிகால். மதுரைச் சமவெளியை இதைவிடச் சுருக்கமாக வருணிக்க முடியுமா? பின்னாளில் மலைக்காடுகளிலும் வட இந்தியாவிலும் நேபாளம் வரையிலும் அந்தப் பூனை கண்டறியப்பட்டது. புலிக்காகக் காட்டில் வைத்த கேமராக்களில் விழுந்ததால் அதைக் காட்டு விலங்கென்று நினைக்கப் பழகிவிட்டோம். கண்மாய்களில் யாரும் தேடாததால் கண்மாயில் அது இல்லை என்று ஆகிவிட்டது. அதனால்தான் ஒரு சிறு பூனை உருவம் கலங்கலாக வந்து விழும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. நெற்றியில் வெண்கோடுகள் தெரிகின்றனவா, முதுகில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை கட்டுகின்றனவா என்று மேசைவிளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன். ஆசை இருக்கும் இடத்தில்தான் கண் அதிகம் பொய் சொல்லும். சிறுத்தைக்குப் பயந்தவர் நாயில் சிறுத்தையைக் காண்கிறார். துரும்பன் பூனைக்கு ஏங்குகிறவர் வீட்டுப்பூனைக்குட்டியின் ரோமத்தில் புள்ளிகளைக் காண்கிறார்.

இந்த எச்சரிக்கை எங்களுக்குள் கறாராக இருப்பதற்கு அரிட்டாபட்டி ஒரு காரணம். மேலூர் பக்கத்துக் குன்றுகளும் ஏரிகளும் சுனைகளும் சேர்ந்த அந்த இடம், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் அளவில், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரசின் அறிவிப்பில் சுமார் 250 பறவை இனங்களும், லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும், தேவாங்கும் எறும்புதின்னியும் மலைப்பாம்பும் இடம்பெற்றன. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சுரங்கத்தை நிறுத்தியது அந்த ஊர்களின் மக்கள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. இங்கே வெறும் பாறைதான் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, ஆண்டுக்கணக்கில் தொலைநோக்கியும் கேமராவுமாக அந்தக் குன்றுகளில் அலைந்தவர்கள் பொறுமையாகச் சேர்த்த பட்டியல். அதில் ஒரு பெயர், ஆசையால் எழுதிய ஒரே ஒரு பெயர், தவறென்று நிரூபிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்த்தரப்புக்கு அந்த ஒன்று போதும். மற்ற எல்லாவற்றையும் கதை என்று தள்ளிவிடலாம். நாம் சேர்க்கும் ஒவ்வொரு பெயரும் என்றைக்காவது ஒரு மன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டியலே இல்லாமல் போன குன்றுகளும் இதே மேலூர்ப் பக்கத்தில் இருக்கின்றன. கீழவளவிலும் சுற்றுப்பட்டிலும் கிரானைட்டுக்காக அறுத்துத் தீர்த்த மலைகள். உயர் நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தை விசாரணை ஆணையராக நியமித்தது; 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார். எவ்வளவு கன மீட்டர் கல் போனது, அரசுக்கு எத்தனை கோடி இழப்பு என்பதெல்லாம் கணக்குக்கு வந்தது. அந்தப் பாறை இடுக்குகளில் எந்தப் பூனை குட்டி போட்டது, எந்த ஆந்தை அடைந்தது என்பதற்கு ஒரு கலங்கலான படம்கூட என் கைக்கு வந்ததில்லை. தெளிவில்லாத படம் என்று நாம் சலித்துக்கொள்வதுகூட ஒரு பாக்கியம்தான் என்று அந்தப் பள்ளங்களின் விளிம்பில் நிற்கும்போது தோன்றும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டித் தென்மாவட்டங்களில் அதை வெட்டும் வேலை மும்முரமாக நடந்தது. நீரை உறிஞ்சுகிறது, நாட்டுத்தாவரங்களை ஒழிக்கிறது என்ற குற்றச்சாட்டுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் படங்களில் காட்டுப்பூனையும் நரியும் பகல் பொழுதைக் கழிக்கப் போவது அந்த முள்ளுக்குள்தான். வேறு மறைப்பை நாம் விட்டுவைக்கவில்லை. ஒரு கண்மாயை முழுக்க ஒரே வாரத்தில் பொக்லைன் வைத்து வழித்துவிட்டால், அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ‘சிறுத்தை’ தெரிவதில் வியப்பில்லை. ஒதுங்க இடமில்லாத காட்டுப்பூனை கோழிக்கூண்டைத் தேடித்தான் வரும். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் விராலியும் காரையும் சூரையும் தழைக்கவிட்டு, பிறகு அடுத்த பகுதிக்குப் போகலாமே.

எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இடம், நேரம், நிலவு நாள், பக்கத்தில் நீர் இருக்கிறதா என்பதெல்லாம் எழுதுகிறோம். இனம் என்ற கட்டத்தில் பெயரோ ‘தெரியவில்லை’ என்ற சொல்லோ இருக்கும். தெரியவில்லை என்று எழுதிய படத்தை நாங்கள் தூக்கியெறிவதில்லை. அந்தத் தொகுப்பில் ஒரு படத்துக்காக எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. ஓடை மணலில் குறுக்கே போகும் ஒரு மிகச் சிறிய பூனை. முதுகில் வரிசையாக ஏதோ தெரிகிறது. இரண்டு நண்பர்கள் துரும்பன் பூனை என்று சாதிக்கிறார்கள். இன்னொருவர், அது பக்கத்துக் குடியிருப்பில் ஏதோ ஒரு வீட்டுப் பூனையின் குட்டி, வரிப்பூனைக் குட்டிக்கு இருட்டில் இப்படித்தான் தெரியும் என்கிறார். எனக்கு முதல் கட்சியில் சேர ஆசை. அதனாலேயே இரண்டாவது கட்சியின் பக்கம் நின்று கேள்வி கேட்கிறேன். ஓடைக்கு இருபுறமும் எதிரெதிராக, முன்பைவிடத் தாழ்வாக, இரண்டு கேமராக்களைக் கட்டியிருக்கிறோம். அடுத்த முறை வந்தால் இரண்டு விலாவும் விழும். கூடவே அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய், வளர்க்கிற பூனைகளையும் வந்து சோறு தின்றுவிட்டுப் போகிற பூனைகளையும் பக்கவாட்டில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எதற்கு என்று கேட்கிறவர்களிடம் விஷயத்தைச் சொல்கிறோம். சிலர் தங்கள் பூனையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். அந்த ஒப்பீடு முடிந்த பிறகுதான் கட்டத்தை நிரப்புவது பற்றிப் பேசலாம் என்று முடிவு.